இணைய அழைப்பும் லினக்ஸ் ஒலியும்: குரல் எந்தப் படியில் நிற்கிறது?

இணையம் வழியாகப் பேசும்போது ஒலி இரண்டு திசைகளில் போக வேண்டும். எதிர்முனையில் இருப்பவரின் குரல் நமக்கு வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். நம் குரல் அவருக்குப் போகவில்லை என்றால் நமக்குத் தெரியாது. அவர் "ஹலோ, ஹலோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். லினக்ஸில் அழைப்பு மென்பொருள்களோடு நான் செலவழித்த நேரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பாதிக்கே போயிருக்கிறது. ஸ்பீக்கர் சிக்கல் பெரும்பாலும் சின்ன வேலை. மைக் அப்படியில்லை.

பல வருடங்களாக என் வேலை, உறவினர்களோடு பேசுவது எல்லாமே லினக்ஸ் மடிக்கணினியில்தான் நடக்கிறது. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நிறுவிக் கொடுத்த கணினிகளும் உண்டு. அவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி எப்போதும் "அந்தச் செயலியில் எதை மாற்ற வேண்டும்?" என்பதுதான். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: இப்போதைக்குச் செயலியை மூடி வையுங்கள். மைக்கில் புறப்பட்ட குரல் எந்தப் படிவரை வந்திருக்கிறது என்று அடியிலிருந்து பார்த்துக்கொண்டே மேலே வாருங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் தீர்வைத் தேடுவது சுலபம். தெரியாமல் நாலு அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த புதுப்பிப்புக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

படிகள் என்று சொன்னேன். கீழே இயங்குதளத்தின் மையமான கர்னலும், வன்பொருளை இயக்கும் அதன் டிரைவரும். அதற்கு மேல் ஒலி சர்வர், அதாவது செயலிகளுக்கும் ஒலிக் கருவிகளுக்கும் நடுவில் நிற்கும் பின்னணி மென்பொருள். அதற்கு மேல் அழைப்புச் செயலி அல்லது உலாவி. கடைசியில் வலையமைப்பு. இந்த அடுக்குகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி ஒன்றோடொன்று மோதுகின்றன.

பழைய காலத்தில் ஓஎஸ்எஸ் என்ற அமைப்பு இருந்தது. பெரும்பாலான கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஒலிக் கருவியைத் திறக்க முடியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அழைப்பு எடுக்க முடியாது. 2003 டிசம்பரில் வந்த கர்னல் 2.6 முதல் ஆல்சா அந்த இடத்தைப் பிடித்தது. பல மென்பொருள்களின் ஒலியைக் கலந்து தரும் வேலையை அதன் டிமிக்ஸ் என்ற துணைக்கருவி செய்தது. பிறகு பல்ஸ்ஆடியோ வந்தது. லினக்ஸ் வினியோகங்களில் ஃபெடோரா 8 அதை 2007-லும், உபுண்டு 8.04 அதை 2008-லும் இயல்பான ஒலி சர்வராக ஏற்றுக்கொண்டன. 2021-இல் ஃபெடோரா 34 பைப்வயர் என்ற புதிய ஒலி சர்வருக்கு மாறியது, 2022-இல் உபுண்டு 22.10-உம் மாறியது. இன்று புதிதாக நிறுவும் பெரும்பாலான கணினிகளில் பைப்வயரே இருக்கும். பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய செயலிகள் அதன் மேல் அப்படியே ஓடும்.

இந்த வரலாறு எதற்கு என்றால், 2009-இல் ஒருவர் எழுதி வைத்த "பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்ற அறிவுரை இன்றும் தேடலில் மேலே வருகிறது. அன்று அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். 2014-இல் லினக்ஸுக்கான ஸ்கைப் 4.3 ஆல்சாவோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டு, பல்ஸ்ஆடியோ கட்டாயம் என்று ஆக்கியது. அதன் பிறகு அந்த அறிவுரையைப் பின்பற்றியவர்களுக்கு அழைப்பே போயிருக்காது. ஆகவே எதையும் தொடுவதற்கு முன், கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் பிஏசிடிஎல் இன்ஃபோ (pactl info) என்ற கட்டளையைக் கொடுத்து, சர்வர் பெயர் (Server Name) என்ற வரியைப் பாருங்கள். அதில் பைப்வயர் என்ற சொல் இருந்தால் பல்ஸ்ஆடியோ காலத்து அமைப்புக் கோப்புகளைத் திருத்திப் பயனில்லை. சர்வர் அவற்றைப் படிப்பதில்லை.

சரி, கீழ்ப்படிக்கு வருவோம். கர்னலுக்கு மைக் தெரிகிறதா? ஏரெகார்ட் என்ற கட்டளையோடு சிறிய எல் தெரிவைக் கொடுத்தால் (arecord -l), பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். பட்டியல் காலியாக இருந்தால் அழைப்புச் செயலிக்கும் சிக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. இன்டெல் சில்லு உள்ள சமீப வருட மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கிறது. அவற்றின் உள் மைக் டிஜிட்டல் வகை. அது வேலை செய்ய சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் என்ற தொகுப்பு வேண்டும். சில வினியோகங்களில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். பெயரில் எஸ்ஓஎஃப் என்ற எழுத்துகள் இருக்கும். தொகுப்பு மேலாளரில் தேடி நிறுவிவிட்டு மறுதொடக்கம் செய்தால், பெரும்பாலும் மைக் தோன்றிவிடும்.

பட்டியலில் மைக் இருந்தால் அடுத்தது, டெர்மினலில் ஓடும் ஒலியளவுக் கருவியான ஆல்சாமிக்ஸர் (alsamixer). எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் காட்டுவது ஒலி சர்வரின் பொதுவான ஒற்றைப் பட்டை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எஃப்4 அழுத்தினால் பதிவுப் பக்கம். கேப்சர் என்ற பட்டை ஏறியிருக்கிறதா, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேஸ் விசைதான் அதை இயக்கவும் நிறுத்தவும். மைக் பூஸ்ட் என்ற பட்டையை முழுக்க ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். குரலோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறும். ஒரு படி போதும்.

அப்புறம் ஐந்து விநாடி பேசிப் பதிவு செய்து, உடனே ஓடவிட்டுக் கேளுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மேலே போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் குரலை நாமே கேட்க முடியாததுதான் மைக் சிக்கலின் வேர். அதைக் கேட்கும்படி ஆக்கிக்கொண்டால், எதிர்முனையில் ஒருவரைக் காக்க வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சோதனையும் ஏமாற்றக்கூடிய ஓர் இடம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பயன்படுத்திய ஒரு மடிக்கணினியில் பதிவு பிரமாதமாக இருந்தது. ஒலியளவு காட்டும் பட்டை பேசப் பேச ஆடியது. அழைப்பில் மட்டும் எதிர்முனையில் நிசப்தம். எப்போதாவது தூரத்தில் யாரோ முணுமுணுப்பது போல ஏதோ கேட்கும் என்றார்கள். செயலியை மாற்றினேன், அதே கதை. காரணம் இதுதான்: சில மடிக்கணினிகளில் உள் மைக்கின் சமிக்ஞை இடது, வலது என்று இரண்டு சேனல்களாக வருகிறது. வலதில் வருவது இடதின் தலைகீழ் வடிவம். ஸ்டீரியோவாகப் பதிவு செய்து கேட்டால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அழைப்பு மென்பொருளோ குரலை மோனோவாக, அதாவது ஒரே சேனலாக எடுக்கும். இரண்டு சேனல்களையும் கூட்டும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். மிச்சம் பூஜ்யம்.

கர்னல் டிரைவரில் இதற்கெனவே "இன்வெர்ட்டட் இன்டெர்னல் மைக்" என்ற சரிசெய்தல் இருக்கிறது. உங்கள் மாடல் அதில் சேர்க்கப்பட்டிருந்தால் நீங்கள் இதை அனுபவிக்கவே மாட்டீர்கள். சேர்க்கப்படவில்லை என்றால், சோதிக்கும் வழி எளிது: ஒரு முறை இரண்டு சேனலில், ஒரு முறை ஒரே சேனலில் பதிவு செய்யுங்கள். முதலாவதில் குரல் இருந்து இரண்டாவதில் இல்லை என்றால் இதேதான். பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் (pavucontrol) என்ற கருவியில் உள்ளீட்டுக் கருவிகள் பக்கத்துக்குப் போய், சேனல்களைச் சேர்த்துப் பூட்டியிருக்கும் பொத்தானை விடுவித்து, வலது சேனலை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். குரல் உடனே போகும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், மாட்யூல் ரீமேப் சோர்ஸ் (module-remap-source) என்ற கூறை ஏற்றி, இடது சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு மெய்நிகர் மைக்கை உருவாக்கி, அதை இயல்பான மைக்காக வைத்துக்கொள்ளலாம். பைப்வயரும் இந்தக் கூறை ஏற்கும். செயலி தானாக ஒலியளவை மாற்றும்போது பூஜ்யத்தில் வைத்த சேனல் மறுபடி ஏறிவிடலாம் என்பதால், நான் இந்த இரண்டாவது வழியையே வைத்துக்கொண்டேன்.

பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோலைப் பற்றிச் சொன்னேன். பைப்வயர் கணினியிலும் இதை நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்போடு வரும் ஒலி அமைப்புப் பக்கம் அழகாக இருக்கும். ஆனால் எந்தச் செயலி எந்த மைக்கிலிருந்து எடுக்கிறது என்ற தகவலை எல்லா டெஸ்க்டாப்பும் காட்டுவதில்லை. இந்தக் கருவியில் ரெகார்டிங் என்ற பக்கத்தில் அது தெரியும். ஒன்றை நினைவில் வையுங்கள்: செயலி உண்மையில் ஒலி எடுத்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அந்தப் பக்கத்தில் அதன் பெயர் வரும். அழைப்பில் இருந்துகொண்டேதான் பார்க்க வேண்டும். அழைப்பின் நடுவிலும் பெயர் வரவில்லை என்றால், செயலி மைக்கைத் திறக்கவே இல்லை என்று பொருள். பெயர் வந்தால், பக்கத்தில் எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

அங்கேதான் இரண்டு பொதுவான சிக்கல்கள் சிக்கும். ஒன்று, சர்வரின் ஞாபகம். ஒவ்வொரு செயலியும் கடைசியாக எந்தக் கருவியோடு பேசியது என்று சர்வர் நினைவில் வைத்திருக்கும். எப்போதோ வெப்கேமராவின் மைக்கைக் கைமுறையாகக் கொடுத்திருந்தால், நீங்கள் புது ஹெட்செட்டை இயல்பான மைக்காக ஆக்கிய பிறகும், அந்தச் செயலி மட்டும் வெப்கேமரா செருகியிருக்கும்போதெல்லாம் அதற்கே போகும். எதிர்முனையில் குரல் கேட்கும், ஆனால் அறையின் மறுமூலையிலிருந்து பேசுவது போல இருக்கும். இரண்டாவது, மானிட்டர் என்ற பெயரோடு வரும் உள்ளீடு. அது மைக்கே அல்ல. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் நகல். தெரியாமல் அது தேர்வாகிவிட்டால் எதிர்முனைக்காரருக்கு அவருடைய குரலே திரும்பக் கேட்கும், நம் குரல் போகாது. இந்த அறிகுறியை யாராவது விவரித்தால் நான் வேறு எதையும் கேட்பதில்லை. நேராக அந்தப் பட்டியலைத் திறக்கச் சொல்லிவிடுவேன்.

எதிரொலியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் உங்கள் கணினியில் இல்லை. எதிர்முனையில் ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அங்குள்ள மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதே போல் "எதிரொலிக்கிறது" என்று எதிர்முனையில் சொன்னால் சரிசெய்ய வேண்டியது நீங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு பக்கமும் தவறான கணினியைத் திருத்திக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹெட்போன் மாட்டினால் போதும், முடிந்தது. ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்றால், பல்ஸ்ஆடியோவிலும் பைப்வயரிலும் எதிரொலி நீக்கும் கூறு உண்டு. வெப்ஆர்டிசி என்ற திட்டத்தின் ஒலிச் செயலாக்க நிரல்தான் அதற்குள்ளும் வேலை செய்கிறது. உலாவி வழியாகப் பேசினால் அதே வேலையை உலாவியே செய்துவிடும். இரண்டையும் சேர்த்து இயக்காதீர்கள். ஒரு முறை சுத்தம் செய்த ஒலியை மறுபடி சுத்தம் செய்யும்போது சொற்களின் ஓரங்கள் கத்தரிக்கப்பட்டு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். எஸ்ஐபி என்ற இணையத் தொலைபேசி நெறிமுறை வழியாகப் பேசும் செயலிகளில் பலவற்றிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கின் ஒலியளவு தானாக இறங்குகிறதா? பேய் பிசாசு ஒன்றுமில்லை. சில செயலிகள் குரலைச் சமப்படுத்துவதாக நினைத்து, சர்வரின் மைக் பட்டையையே இழுக்கின்றன. செயலியின் அமைப்பில் தானியங்கி ஒலியளவு என்ற தெரிவு இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால், பைப்வயரின் பல்ஸ் அமைப்புக் கோப்பில் குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் "பிளாக் சோர்ஸ் வால்யூம்" (block-source-volume) என்ற விதியை எழுதி, அதன் கையைக் கட்டிப்போட முடியும்.

புளூடூத் ஹெட்செட். இதைப் பற்றி என்னிடம் வரும் புகார் எப்போதும் ஒரே மாதிரி: "பாட்டு அருமையாகக் கேட்கிறது, அழைப்பு வந்ததும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது." இது லினக்ஸின் குறை அல்ல. பாட்டுக்குப் பயன்படும் ஏ2டிபி என்ற முறை ஒலியை ஒரு திசையில் மட்டும் அனுப்பும். மைக்குக்கு அதில் இடமில்லை. மைக் வேண்டும் என்றால் எச்எஸ்பி அல்லது எச்எஃப்பி முறைக்கு மாற வேண்டும். அங்கே சிவிஎஸ்டி என்ற ஒலிக் குறியாக்கம் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும். எம்எஸ்பிசி என்றால் 16,000. பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோலின் கன்ஃபிகரேஷன் பக்கத்தில் ஹெட்செட்டுக்கு எம்எஸ்பிசி என்ற தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு நன்றாகவே தெரியும்.

என் வழி வேறு. கேட்பதற்குப் புளூடூத்தை ஏ2டிபி முறையிலேயே விட்டுவிட்டு, பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கைக் கொடுத்துவிடுவேன். செயலியிலும் ஒலி சர்வரிலும் மைக்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் முறை மாறாது. இதிலும் ஒரு விலை உண்டு. ஏ2டிபி ஒலியைச் சற்றுத் தாமதமாகத் தரும். தொலைபேசி உரையாடலுக்கு ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. வலையமைப்பின் தாமதத்தோடு புளூடூத்தின் தாமதமும் சேரும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவீர்கள். நீண்ட நேரம் பேசுகிறவர்களுக்கு நான் யூஎஸ்பி ஹெட்செட்டைத்தான் சொல்வேன். அது தனி ஒலிக் கார்டாகவே தெரியும், கர்னலின் பொது டிரைவரே போதும், மடிக்கணினியின் ஜாக் செய்யும் எந்தச் சேட்டையும் அதற்குக் கிடையாது.

ஜாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு உலோகப் பகுதிகள் உள்ள ஹெட்செட் முனையில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு வகை உண்டு; மைக் இணைப்பும் தரை (கிரவுண்ட்) இணைப்பும் இடம் மாறியிருக்கும். பொருந்தாத வகையைச் செருகினால் மைக் வேலை செய்யாது, கேட்கும் ஒலியும் மெலிந்துவிடும். அமைப்பில் எதை மாற்றினாலும் அது சரியாகாது, மாற்றி ஒன்றைச் செருக வேண்டும்.

அடுத்த படி, செயலி ஓடும் கூண்டு, அதாவது அதன் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சூழல். ஸ்னாப் என்ற வகைத் தொகுப்பாக நிறுவிய செயலிக்கு ஒலிப்பதிவு உரிமை தனி. ஆடியோ ரெகார்ட் என்ற இணைப்பு கொடுக்கப்படாவிட்டால் ஸ்பீக்கர் வேலை செய்யும், மைக் வேலை செய்யாது. மென்பொருள் மையத்தில் அந்தச் செயலியின் அனுமதிகள் பக்கத்தில் பாருங்கள். உலாவியில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்துக்கு உலாவி மைக்கைக் கொடுக்காது. சொந்தமாக ஒரு சந்திப்பு சர்வர் நிறுவிப் பார்ப்பவர்கள் அதற்கு வேண்டிய சான்றிதழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். பிறகு மைக் வரவில்லை என்று ஆல்சாவில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு திசையில் மட்டும் குரல் போகவில்லை என்றால், ஒலி அமைப்பை விட்டுவிட்டு வலையமைப்பைப் பாருங்கள். எஸ்ஐபி அழைப்பில் மணி அடிக்க வைக்கும் செய்தி ஒரு வழியில் போகிறது, வழக்கமாக 5060 போர்ட். குரல் ஆர்டிபி என்ற வேறு பாதையில், வேறு போர்ட்டுகளில் போகிறது. நம் கணினி தன் உள் முகவரியை, 192.168 என்று தொடங்கும் ஒன்றை, "இங்கே அனுப்பு" என்று எதிர்முனைக்குச் சொல்லிவிட்டால் குரல் வழிதவறிவிடும். மணி அடிக்கும், எடுக்கலாம், ஒருவருக்கு மட்டும் கேட்காது. செயலியில் ஸ்டன் சர்வரைக் கொடுத்தால் நம் வெளி முகவரி தெரிந்துகொள்ளப்படும். அதுவும் போதாத வலையமைப்புகளில் நடுவில் நின்று குரலைக் கடத்தும் டர்ன் சர்வர் வேண்டும். ரவுட்டரில் எஸ்ஐபி செய்திகளின் முகவரிகளை வழியிலேயே திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இயங்கினால் அணைத்துப் பாருங்கள். உதவி செய்ய வைத்த அந்த வசதி, நான் பார்த்த இடங்களில் செய்திகளைக் குழப்பிவிட்டிருக்கிறது. அலைக்கற்றையை இதில் குறை சொல்ல முடியாது. 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் குறியாக்கம் நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்தே இயங்கும். பழைய ஜி.711 கூட 64 கிலோபிட்தான்.

தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது தனிக் கலை. அந்தக் கணினியின் அழைப்பே வேலை செய்யாதபோது அதன் வழியாக விளக்க முடியாது. குறுஞ்செய்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். அதன் விளைவைத் திரைப்பிடிப்பாக அனுப்பச் சொல்லுங்கள். வயதானவர்களிடம் டெர்மினல் வேண்டாம். அவர்கள் கணினியை நிறுவும்போதே பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோலை முகப்பில் வைத்து, பயன்படுத்தாத கருவிகளை அதன் கன்ஃபிகரேஷன் பக்கத்தில் ஆஃப் ஆக்கிவிடுவேன். திரையின் எச்டிஎம்ஐ ஒலி, தேவையற்ற வெப்கேமரா மைக் எல்லாம் போய்விடும். தேர்வு செய்ய ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தால் செயலி தவறானதை எடுக்க வழியில்லை.

புதுப்பிப்புக்குப் பிறகு திடீரென்று எல்லாம் குழம்பினால், கணினியை மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. பைப்வயரின் நினைவு, வீட்டு அடைவில் லோக்கல் என்ற மறைந்த அடைவு, அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர் என்ற இடத்தில் (~/.local/state/wireplumber) இருக்கிறது. அந்த வயர்பிளம்பர் அடைவை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். பழைய தேர்வுகள் மறைந்து, சர்வர் புதிதாகத் தொடங்கும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முன்பு உருவாக்கிய ஒலியளவுகள் தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரலாம். நாளைக்கு நேர்காணல் இருக்கிறது என்றால் இதை இன்று மாலையே செய்துவிட்டு, அதே ஹெட்செட்டோடு, அதே உலாவியில் யாரையாவது ஒரு முறை அழைத்துப் பேசிவிடுங்கள். அதன் பிறகு நேர்காணல் முடியும்வரை எந்தப் புதுப்பிப்பையும் போடாதீர்கள்.